நொண்டிக் குதிரைக்கு எந்த லாயம்?

சங்கப் பத்திரிகையில் குதிரையைப் பற்றி ஒரு கட்டுரை எதற்கு என்று சில அன்பர்கள் கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால் புணேயில் குடியிருந்துகொண்டு குதிரையை நமக்குச் சம்பந்தமில்லாத பிராணி என்று ஒதுக்கிவிட முடியாது. எம்ப்ரஸ் கார்டனில் மலர்க் கண்காட்சி பார்க்கப் போகிற ஒவ்வொரு குடும்பமும் பக்கத்திலேயே ரேஸ் கோர்ஸையும் பார்த்திருக்கும். 1830-லிருந்து இருக்கிற மைதானம் அது. மழைக்காலம் வந்தால் பம்பாயிலிருந்து குதிரைகள் காட் ஏறி இங்கே வந்துவிடும். குளிர்காலத்தில் மஹாலக்ஷ்மிக்குத் திரும்பிவிடும். 1930-இல் டெக்கான் குவீன் ரயிலை விட்டதே ரேஸ் பார்க்க வருகிற கனவான்களை மனத்தில் வைத்துத்தான் என்று எங்கள் ரயில்வேயில் பெரியவர்கள் சொல்வதுண்டு.

முன்பெல்லாம் நமக்கும் அந்தக் குதிரைகளுக்கும் நடுவில் ஒரு வேலி இருந்தது. இப்போது அது இல்லை. நம் வீட்டுப் பிள்ளைகளே ஞாயிற்றுக்கிழமை காலையில் குதிரையேற்றம் கற்றுக்கொள்ளப் போகிறார்கள். அவர்கள் ஏறுகிற குதிரைகளில் பல ரேஸிலிருந்து ஓய்வு பெற்றவை. ஓய்வு என்றதும் நம்மைப் போலத் தலை நரைத்தது என்று எண்ணிவிட வேண்டாம். ஆறு ஏழு வயதில் ஓட்டம் முடிந்துவிடும். ஆயுளோ இருபத்தைந்து வருஷம். மீதிக் காலத்துக்கு அதற்குப் பென்ஷன் கிடையாது. யாராவது வாங்கினால் உண்டு. வாங்குகிறவர்கள் இருக்கிறார்கள். வாங்கின குதிரைக்குக் காலில் அடிபட்டால் அதை எங்கே வைத்துத் தேற்றுவது என்பதில்தான் தடுமாறிப் போகிறார்கள். அதைப் பற்றி எனக்கு ஓர் அபிப்பிராயம் உண்டு. அதைச் சொல்லவே இதை எழுதுகிறேன்.

2023 மே மாதம் நம் சங்க உறுப்பினர் ஒருவரின் மகள் என்னைத் தேடி வந்தாள். கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை. சம்பளத்தில் மிச்சம் பிடித்து ஒரு ரேஸ் குதிரையை வாங்கி, இரண்டு வருஷமாக ஒரு பயிற்சிப் பள்ளியில் கட்டி வைத்திருந்தாள். முன்காலில் தசைநாண் கிழிந்துவிட்டது. அந்தப் பள்ளியில் நொண்டிக் குதிரையை வைத்துக்கொள்ள இடமில்லை, பதினைந்து நாளில் வேறு இடம் பார்த்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டார்கள். "மாமா, நாலு இடம் பார்த்து வைத்திருக்கிறேன். நீங்கள் கட்டடமெல்லாம் பார்த்தவர். கூட வந்து எது நல்லது என்று சொல்லுங்கள்" என்றாள். அவள் அப்பாவோ குதிரையை யாருக்காவது கொடுத்துத் தலைமுழுகிவிட்டு வா என்று சொல்லிக்கொண்டிருந்தார். வீட்டில் இந்த விஷயமாக இரண்டு வாரம் பேச்சுவார்த்தை கிடையாது. ஆகவே நான் பார்க்கப் போனது லாயத்தை மட்டுமல்ல.

போவதற்கு முன்னால் அந்த மிருக வைத்தியரிடம் அரைமணி நேரம் உட்கார்ந்து விஷயத்தைக் கேட்டுத் தெரிந்துகொண்டேன். குதிரையின் முன்காலில் முட்டிக்குக் கீழே சதை என்பதே இல்லை. எலும்பு, அதன் பின்னால் கயிறு மாதிரி தசைநாண்கள், மேலே தோல். அவ்வளவுதான். அந்த இடத்தில் ரத்த ஓட்டம் குறைவு. அதனால் கிழிந்தது கூடுவதற்கு ஒன்பது மாதம், ஒரு வருஷம்கூட ஆகும். கூடினாலும் அது பழைய நாண் அல்ல, தழும்பு. சுமார் 450 கிலோ எடையுள்ள பிராணி; அந்த எடையில் ஏறக்குறைய 60 சதவீதத்தை முன்கால்கள்தான் தாங்குகின்றன. முதலில் சில வாரம் லாயத்துக்குள்ளேயே ஓய்வு. கையில் பிடித்து நடத்துவது பத்து நிமிஷம், இரண்டு வேளை. இரண்டு மூன்று மாதத்துக்கு ஒரு தடவை அல்ட்ராசவுண்ட் எடுத்துப் பார்த்து, அதற்குத் தகுந்தபடி பதினைந்து நிமிஷம், இருபது நிமிஷம் என்று கூட்ட வேண்டும். 'டிராட்' என்கிற மெல்லோட்டம் பல மாதம் கழித்துத்தான். நடுவில் ஒரு நாள் அவிழ்த்துக்கொண்டு ஓடினால் போதும், முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டியதுதான்.

எனக்கு இது நன்றாகவே புரிந்தது. பழைய தண்டவாளத்தை எடுத்துவிட்டுப் புதிதாகப் போட்ட அன்றைக்கே முழு வேகத்தில் வண்டியை விடமாட்டோம். முதலில் மணிக்கு 20 கிலோமீட்டர், ஜல்லி இறுகினபின் 45, அதற்கப்புறம் 75. ஒவ்வொரு படியிலும் ஒருவர் லைனில் நடந்து பார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும். சீக்கிரம் வேகத்தைக் கூட்டச் சொல்லி மேலேயிருந்து டெலிபோன் வந்துகொண்டேதான் இருக்கும். கூட்டாமல் இருப்பதுதான் வேலை. குதிரைக் காலும் அப்படித்தான். டாக்டர் வைத்தியம் பார்ப்பது சில நாட்கள். மீதியுள்ள முன்னூறு நாளும் யாரோ ஒருவர் அவசரப்படாமல் இருக்க வேண்டும். அந்த யாரோ ஒருவர் யார் என்பதைத்தான் லாயம் தேடுகிறவர்கள் கேட்பதில்லை.

முதலில் பார்த்தது பிரங்குட் தாண்டி முள்ஷிப் பக்கம். பிரமாதமான இடம். வாசலில் புல்தரை, காப்பி குடிக்கக் கூடாரம், வரிசையாகச் சுமார் நாற்பது குதிரைகள், ஒவ்வொன்றின் பெயரும் பித்தளைத் தகட்டில். மானேஜர் நல்ல இங்கிலீஷில் எல்லாவற்றையும் விளக்கினார். அவளுக்கு மிகவும் பிடித்துவிட்டது. நான் மூன்று கேள்வி கேட்டேன். ஓர் ஆளுக்கு எத்தனை குதிரை? எட்டு. ராத்திரி யார் இருப்பார்கள்? கேட்டில் செக்யூரிட்டி. குதிரைக்கு ராத்திரியில் ஏதாவது ஆனால்? காமிரா இருக்கிறது என்றார். காமிராவின் திரை ஆபீஸ் அறையில் இருந்தது. அந்த ஆபீஸை மாலை ஏழு மணிக்குப் பூட்டிவிடுகிறார்கள்.

இன்னொன்றும் உண்டு. அது மேற்குப் பக்கம். ரயில்வேக்காரனுக்கு மழைக் கணக்கு மறக்காது. லோணாவளாவில் வருஷத்துக்கு 4000 மில்லிமீட்டருக்கு மேல் கொட்டும். நகரத்துக்குள் 700 சொச்சம். தௌண்ட் போனால் அதற்கும் கீழே. அறுபது எழுபது கிலோமீட்டருக்குள் இத்தனை வித்தியாசம். மே மாதம் அடிபட்ட குதிரையைப் பிடித்து நடத்த வேண்டிய காலம் முழுவதும் ஜூனிலிருந்து செப்டம்பர் வரை மழைக்காலம். சேற்றில் வழுக்கினால் கால் போச்சு. ஈரத்திலேயே நின்றால் குளம்பு அழுகும். ஆகவே அடிபட்ட குதிரைக்கு லாயம் பார்க்கிறவர்கள் மழைக்காலத்தில் நகரத்துக்குக் கிழக்கே பார்ப்பது நல்லது. ஹடப்சர் தாண்டி லோணி, ஊருளி என்று ரயில் போகிற பக்கம். அங்கேயும் கரிசல் மண் உண்டு, மழை பெய்தால் பசை மாதிரி ஒட்டும். ஆனால் நடைபாதைக்கு முரம் கொட்டி இறுக்கியிருந்தால் பயமில்லை. இந்த விஷயத்தை எந்த விளம்பரத் துண்டுப் பிரசுரத்திலும் போடமாட்டார்கள்.

இரண்டாவது இடம் குதிரை வளர்க்கிற பண்ணை ஒன்று. ஏக்கர் கணக்கில் வேலி போட்ட புல்வெளி. ஆரோக்கியமான குதிரைக்குச் சொர்க்கம். ஆனால் கிழிந்த நாணோடு இருக்கிற குதிரைக்கு முதல் ஆறு மாதம் புல்வெளியைப் போல ஆபத்து வேறில்லை; பக்கத்து வேலியில் ஒரு குட்டி துள்ளினால் இதுவும் துள்ளும். எலும்பு தேறினபின், நாண் தேறினபின் கடைசிக் கட்டத்துக்கு அந்த மாதிரி இடம் உத்தமம். மூன்றாவது, அவள் உறவினரின் பண்ணை வீடு. வாடகை கிடையாது. அதனால் அப்பாவுக்கு அதுதான் பிடித்திருந்தது. ஆனால் அங்கே வேறு குதிரையே இல்லை. குதிரை கூட்டத்தில் வாழ்கிற ஜீவன். தனியாகக் கட்டிப்போட்டால் இருப்புக் கொள்ளாமல் சுற்றிச் சுற்றி வரும், கட்டையைக் கடிக்கும். துணைக்கு ஒரு ஆடோ கழுதையோ இருந்தால்கூடச் சமாளிக்கலாம் என்கிறார்கள். இலவசம் என்பதற்காக ஒப்புக்கொள்ளக் கூடாத இடம்.

நாலாவது இடத்துக்குப் போகும்போது அவளுக்கே சுரத்தில்லை. லோணி காள்போர் தாண்டிக் கரும்பு வயலுக்கு நடுவே பதினொரு குதிரைகள் கட்டுகிற சின்ன லாயம். தகரக் கூரை. கடைசி அரைக் கிலோமீட்டர் ரோடு என்று சொல்ல முடியாது. ஆனால் தகரத்துக்கு அடியில் கரும்புத் தோகையைக் கனமாக வேய்ந்திருந்தார்கள். மே மாத மத்தியானத்தில் உள்ளே நின்று பார்த்தேன், வெளியே இருந்த சூடு இல்லை. காற்று வர மேலே இடைவெளி, குதிரை தலையை நீட்டிப் பக்கத்துக் குதிரையைப் பார்க்க வழி, ஒவ்வொரு அறையும் பன்னிரண்டுக்குப் பன்னிரண்டு அடிக்குக் குறையாமல்.

தரையைப் பார்ப்பதற்கு எனக்குத் தெரிந்த பரீட்சை ஒன்றுதான். ஒரு வாளித் தண்ணீரைக் கொட்டி அது எந்தப் பக்கம் ஓடுகிறது, எவ்வளவு நேரத்தில் ஓடுகிறது என்று பார்ப்பது. பித்தளைத் தகடு போட்ட இடத்தில் தண்ணீர் நடுவிலேயே நின்றது. வழவழப்பான கான்கிரீட், மேலே மெல்லிய படுக்கை. இங்கே இறுக்கின தரை, அதன் மேல் ரப்பர் விரிப்பு, அதன் மேல் மரத்தூள். தண்ணீர் வாய்க்காலுக்குப் போய்விட்டது. இன்னொரு பரீட்சையை அந்த டாக்டர் சொல்லிக் கொடுத்தார். லாயத்தில் நின்றபடி மோந்து பார்க்காதீர்கள், குனிந்து குதிரை படுத்தால் மூக்கு எங்கே இருக்குமோ அங்கே மோந்து பாருங்கள் என்றார். மூத்திரத்திலிருந்து கிளம்புகிற அமோனியா நெடி அங்கேதான் தங்கும். மாதக் கணக்கில் உள்ளேயே இருக்கப் போகிற குதிரைக்கு நுரையீரல் கெட இதுவே போதும். அறுபதுக்கு மேற்பட்ட வயதில் லாயத்துத் தரையில் மண்டியிட்டு மோந்து பார்த்ததை அந்தப் பெண் போட்டோ எடுத்து வைத்திருக்கிறாள்.

ஆனால் என்னை முடிவு செய்ய வைத்தது கூரையும் தரையும் அல்ல. குதிரைக்காரர். இங்கே 'சாயிஸ்' என்பார்கள். ரேஸ் லாயங்களில் பல வருஷம் வேலை பார்த்தவர், ஐம்பத்தைந்து வயது இருக்கும். அவள் தன் போனில் குதிரையின் வீடியோவைக் காட்டினாள். நாங்கள் எல்லோரும் அடிபட்ட காலையே பார்த்துக்கொண்டிருந்தோம். அவர் இரண்டு தடவை பார்த்துவிட்டு, "தாயீ, அந்த இன்னொரு முன்காலின் குளம்பு சூடாக இருக்கிறதா என்று தொட்டுப் பார்த்தீர்களா?" என்று கேட்டார். (மராத்தியில் 'தாயீ' என்றால் அக்கா. நமக்கு அம்மா என்று கேட்கும். இரண்டும் அங்கே பொருந்தத்தான் செய்தது.)

ஏன் அப்படிக் கேட்டார் என்பதற்கு உலகம் அறிந்த உதாரணம் ஒன்று இருக்கிறது. பார்பாரோ என்ற அமெரிக்கக் குதிரை 2006-இல் கென்டக்கி டெர்பியை ஜெயித்தது. இரண்டே வாரத்தில், மே 20-ஆம் தேதி, அடுத்த பெரிய ரேஸில் வலது பின்காலில் எலும்பு நொறுங்கியது. பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தின் குதிரை ஆஸ்பத்திரியில் தகடும் திருகாணிகளும் வைத்து எலும்பைக் கூட்டினார்கள். மயக்கம் தெளியும்போது காலை உதைத்துக்கொள்ளக் கூடாதென்று குதிரையைத் தொட்டிலில் கட்டி நீர்த்தொட்டியில் இறக்கித் தெளிய வைத்தார்கள். பணத்துக்கும் குறைவில்லை, நிபுணர்களுக்கும் குறைவில்லை. உடைந்த கால் தேறி வந்தது. ஆனால் அந்தக் காலுக்குப் பதிலாக எடையைத் தாங்கின இடது பின்காலில் லாமினைடிஸ் வந்துவிட்டது. அதாவது குளம்பையும் உள்ளேயிருக்கும் எலும்பையும் பிடித்து வைத்திருக்கிற மெல்லிய திசு வீங்கிக் கழன்றுவிடுவது. பிறகு முன்கால்களுக்கும் பரவியது. 2007 ஜனவரி 29-ஆம் தேதி அதைக் கருணையோடு முடித்துவிட வேண்டியதாயிற்று. குதிரை ஒரு காலால் நொண்டும்போது மற்றக் கால்தான் அபாயத்தில் இருக்கிறது. படித்தவர்கள் பெரிய பெயர் வைத்துச் சொல்கிற இந்த விஷயத்தை அந்த மனிதர் கை வைத்துத் தெரிந்துகொண்டிருக்கிறார்.

நம் தேசத்திலேயே 2016-இல் நடந்ததும் பலருக்கு நினைவிருக்கும். டேராடூனில் மார்ச் 14-ஆம் தேதி ஓர் ஆர்ப்பாட்டத்தின்போது சக்திமான் என்ற போலீஸ் குதிரைக்குப் பின்கால் முறிந்தது. காலை எடுத்துவிட்டுச் செயற்கைக் கால்கூடப் பொருத்திப் பார்த்தார்கள். ஏப்ரல் 20-ஆம் தேதி இறந்துபோயிற்று. தேசம் முழுவதும் கண்ணீர் விட்டது. இந்த இரண்டையும் படித்தபின் என் எண்ணம் இது: எலும்பு நொறுங்கிப்போன குதிரையை உயிரோடு வைத்திருப்பது பல சமயம் நம் திருப்திக்காகத்தான், அதை டாக்டரிடம் முதல் நாளே மனம் விட்டுக் கேட்டுவிட வேண்டும். தசைநாண் அப்படியல்ல. அங்கே தேவைப்படுவது காலமும் கவனமும். இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பி, நொண்டியா, சுட்டுவிடு என்பதும் தப்பு. எதுவானாலும் காப்பாற்று என்பதும் தப்பு.

குதிரைக்காரரின் மகத்துவத்தைப் பற்றி நம் தமிழ்நாட்டுச் சரித்திரத்திலேயே ஒரு பாடம் இருக்கிறது. மாணிக்கவாசகர் குதிரை வாங்கப் போன கதை எல்லோருக்கும் தெரியும். பாண்டியர்கள் குதிரைக்குக் கொட்டிக் கொடுத்த பணத்தைப் பற்றி மார்க்கோ போலோவும் எழுதியிருக்கிறார். பதின்மூன்றாம் நூற்றாண்டின் கடைசியில் இந்தப் பக்கம் வந்தவர் அவர். ஹோர்முஸ், ஏடன் முதலான துறைமுகங்களிலிருந்து வருஷத்துக்கு இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட குதிரைகளை ஓர் அரசர் மட்டும் வாங்குகிறார், வருஷ முடிவில் நூறுகூட உயிரோடு மிஞ்சுவதில்லை என்கிறார். காரணமும் சொல்கிறார்: பராமரிக்கத் தெரிந்தவர்களும் குதிரை வைத்தியம் தெரிந்தவர்களும் அங்கே இல்லை, குதிரை விற்கிற வியாபாரிகள் அப்படிப்பட்டவர்களை வரவும் விடுவதில்லை, ஏனென்றால் குதிரை செத்தால்தானே அடுத்த வருஷம் வியாபாரம்! அவர் கொஞ்சம் கூட்டிச் சொல்கிற பேர்வழி என்று கழித்தாலும் விஷயம் நிற்கிறது. கப்பல் கப்பலாகக் குதிரை வாங்கப் பணம் இருந்தது. கூடவே நாலு குதிரைக்காரர்களை அழைத்து வந்து மரியாதையாக வைத்துக்கொள்ளத் தோன்றவில்லை. லூஸர்ன் தீவனத்துக்குக் குதிரை மசால் என்று பெயர், பயறு ஒன்றுக்குக் குதிரையின் தீனி என்றே கீர்த்தி. கொள்ளு என்றால் வாயைத் திறக்கும், கடிவாளம் என்றால் வாயை மூடும் என்று குதிரைக்குப் பழமொழிகூடச் சொல்லி வைத்திருக்கிறோம். குதிரைக்காரருக்கு ஒன்றும் சொல்லி வைக்கவில்லை.

அந்த லாயத்தில் ஓர் ஆளுக்கு மூன்று குதிரை. நடைபாதையிலேயே கயிற்றுக் கட்டில் போட்டு அவர் தூங்குகிறார். நொண்டிக் குதிரை வந்தால் தானியத்தை எவ்வளவு குறைப்பீர்கள் என்று கேட்டேன். "வேலை இல்லாதவனுக்கு விருந்து எதற்கு? ஓட்ஸையும் கொள்ளையும் நிறுத்திவிட்டு உலர்ந்த புல்லைப் பலதடவையாகப் போடுவேன். பழைய லாயத்தில் என்ன தின்றதோ அதையே ஒரு வாரம் கொண்டு வாருங்கள், மெதுவாக மாற்றிக்கொள்கிறேன்" என்றார். திடீரென்று தீனியை மாற்றினால் குதிரைக்கு வயிற்று வலி வரும். குதிரைக்கு வயிற்று வலி என்பது நம்மைப் போல ஓமத் தண்ணீரில் தீர்கிற விஷயமல்ல, உயிரை வாங்கிவிடும். புதிதாக வருகிற குதிரையை மற்றவற்றோடு சேர்க்காமல் முதலில் தனி அறையில் கட்டுவேன் என்றும், கிளாண்டர்ஸ் ரத்தப் பரிசோதனைச் சீட்டு இல்லாமல் இறக்கவிடமாட்டேன் என்றும் சொன்னார். 2006-இல் மஹாராஷ்டிரத்தில் அந்த நோய் தலைகாட்டியதை மறக்காதவர் போலிருக்கிறது. மனிதர்களுக்கும் தொற்றக்கூடிய வியாதி அது. நம் குதிரையைச் சந்தேகப்படுகிறாரே என்று கோபப்படாமல், இப்படிச் சந்தேகப்படுகிற லாயமாகப் பார்த்துத்தான் சேர்க்க வேண்டும்.

மைனஸ்களையும் சொல்லிவிடுகிறேன். டாக்டர் வர நாற்பது நிமிஷம் ஆகும். புணேயில் தூரத்தைக் கிலோமீட்டரில் கேட்பதில் பிரயோஜனமில்லை, சாயங்காலம் ஆறு மணிக்கு எத்தனை நிமிஷம் என்றுதான் கேட்க வேண்டும். பெரிய ஆபரேஷன் என்றால் ஷிர்வளில் இருக்கிற கால்நடை மருத்துவக் கல்லூரிக்கோ, பம்பாய் பரேலுக்கோ போகவேண்டும். பரேல் என்றால் காட் இறங்க வேண்டும். கரண்ட் அடிக்கடி போகும். பார்க்க வருகிறவர்களுக்குக் கழிப்பறை இல்லை. மார்ச்சுக்குப்பின் தண்ணீர் எங்கிருந்து என்று கேட்டேன். கிணறு உண்டு, ஏப்ரலில் லாரி. நாளைக்கு முப்பது நாற்பது லிட்டர் குடிக்கிற பிராணியை வைத்திருக்கிறவர்கள் இதை முன்னாலேயே கேட்டு வைத்துக்கொள்ள வேண்டும்.

குதிரையைக் கொண்டு போனதைப் பற்றி இரண்டு வார்த்தை, ஏனென்றால் இதில் இன்ஜினீயர் வேலை கொஞ்சம் இருக்கிறது. வண்டி பிரேக் போடும்போது சரக்கு முன்னால் சாயும் என்பது எல்லோருக்கும் தெரியும். முன்காலில் அடிபட்ட குதிரையை டிரைவரைப் பார்க்க நிறுத்தினால் ஒவ்வொரு பிரேக்கிலும் பாரம் அந்தக் காலிலேயே விழும். ஆகவே அதைப் பின்பக்கம் பார்த்து நிறுத்த வேண்டும். பின்காலில் அடி என்றால் முன்பக்கம் பார்த்து. ஏற்றுகிற பலகை செங்குத்தாக இருக்கக் கூடாது. வலி மருந்தை அதிகமாகக் கொடுத்து ஏற்றுவதும் கெடுதல். வலி தெரியாத குதிரை தன் கால் தேறிவிட்டதாக எண்ணிக்கொள்ளும். விடியற்காலை நாலு மணிக்குக் கிளம்பினோம். கடைசி அரைக் கிலோமீட்டரை நடக்கிற வேகத்தில் கடந்தோம்.

அந்த ஆகஸ்டில் ஒரு ராத்திரி இரண்டு மணிக்கு அவளுக்குப் போன் வந்தது. பத்து மணியிலிருந்து குதிரை ஒரு தரம்கூட லத்தி போடவில்லை, விலாவைத் திரும்பித் திரும்பிப் பார்க்கிறது என்றார் குதிரைக்காரர். டாக்டர் மூன்றே காலுக்கு வந்து மூக்கு வழியாகக் குழாய் விட்டு மருந்து கொடுத்தார். விடிவதற்குள் சரியாயிற்று. காலையில் ஏழு மணிக்குக் கேட்டைத் திறக்கிற இடமாக இருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று அவரிடம் கேட்டாள். அவர் பதில் சொல்லவில்லையாம்.

இந்தச் செலவில் பத்து ஏழைப் பிள்ளைகளைப் படிக்க வைக்கலாமே என்று நம் சங்கத்திலேயே ஒருவர் என்னிடம் கேட்டார். குதிரை ஓடிக்கொண்டிருந்தபோது அந்தக் கேள்வியை யாரும் கேட்கவில்லை என்பதுதான் என் பதில். புணேக்காரர்கள் ஓடாத குதிரையால் பயனில்லை என்றும் சொல்ல முடியாது. பூனாவாலா குடும்பத்தார் ஓய்வு பெற்ற தங்கள் குதிரைகளைச் சீரம் தயாரிக்க ஹாஃப்கின் நிறுவனத்துக்குக் கொடுத்து வந்தார்கள். அதை நாமே செய்தாலென்ன என்ற யோசனையில்தான் 1966-இல் இங்கே சீரம் இன்ஸ்டிட்யூட் பிறந்தது. இன்றைக்கும் பாம்புக் கடிக்கு மருந்து குதிரை ரத்தத்திலிருந்துதான் வருகிறது. நம் கிராமத்தில் வயலில் கடிபட்டுப் பிழைத்த எத்தனையோ பேருடைய உடம்பில் ஏதோ ஒரு குதிரையின் தயவு ஓடியிருக்கிறது. அதற்காக ஒவ்வொரு நொண்டிக் குதிரையையும் எல்லோரும் காப்பாற்ற வேண்டும் என்று நான் சொல்லவில்லை. வாங்கினவர் காப்பாற்ற வேண்டும்.

பிள்ளைகளைக் குதிரையேற்றத்துக்கு அனுப்புகிற பெற்றோருக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த தடவை போகும்போது கூடாரத்தில் காப்பி குடித்துவிட்டு வந்துவிடாதீர்கள். லாயத்துக்குப் பின்னால் போய்க் குதிரைக்காரர்கள் எங்கே தூங்குகிறார்கள் என்று பாருங்கள். தீவன மூட்டைகளுக்கு நடுவில் தூங்குகிறார்களா, வாரத்தில் ஒரு நாள் லீவு உண்டா, அவர் ஊருக்குப் போனால் அந்தக் குதிரையைத் தெரிந்த இன்னொருவர் இருக்கிறாரா என்று கேளுங்கள். ஆறு மாதத்துக்கு ஒரு தடவை ஆட்கள் மாறுகிற இடமென்றால் உங்கள் குழந்தை ஏறுகிற குதிரைக்கு எந்தக் கால் வலிக்கிறது என்பது அங்கே யாருக்கும் தெரியாது. ஃபீஸ் கொஞ்சம் கூட்டுகிறோம், அது அவர்கள் கைக்குப் போகட்டும் என்று பெற்றோர்கள் சேர்ந்து சொன்னால் எந்தப் பள்ளியும் மாட்டேன் என்று சொல்லாது. மாதாந்திரக் கட்டணத்தைப் பற்றிப் பேரம் பேசுகிற நம்மவர்கள் அந்தப் பேரம் யார் சம்பளத்தில் விழுகிறது என்று யோசிப்பதில்லை.

2024 ஏப்ரலில் எடுத்த அல்ட்ராசவுண்டில் நார்கள் நேராக ஓடுகின்றன என்று டாக்டர் காட்டினார். இப்போது அதன் மேல் ஏறி நடக்கலாம், மெல்லோட்டம் ஓடலாம். தாண்டுதல் கிடையாது, இனிமேல் கிடையவே கிடையாது. அவள் அப்பா ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்து தள்ளி நின்று பார்த்துவிட்டு, போகும்போது ஒரு கட்டு குதிரை மசால் வாங்கிப் போட்டுவிட்டுப் போனார். பேச்சுவார்த்தை அதற்கு முன்னாலேயே ஆரம்பித்துவிட்டது.

லாயத்துச் சொந்தக்காரரும் குதிரை கட்டியிருக்கிறவர்களும் பாதிப் பாதி போட்டுக் குதிரைக்காரருக்கு ஓர் அறை கட்டுவதாக இருக்கிறார்கள். பத்துக்குப் பன்னிரண்டு, கூடவே கழிப்பறை. பிளான் போட்டுக் கொடுக்கும் வேலை என்னுடையது. காற்றோட்டத்துக்காக ஜன்னலைக் கரும்பு வயல் பக்கம் வைத்திருந்தேன். அவர் பார்த்துவிட்டு, காற்று போனால் போகட்டும், ஜன்னல் குதிரைகளைப் பார்த்து இருக்கட்டும் என்றார். மாற்றி வரைந்துகொண்டிருக்கிறேன்.